நாளைக்கு வேண்டிய சீருடை

"பையைக் கீழ வை. இந்தச் சட்டையெல்லாம் முடிச்சுட்டு அப்புறம் போ," என்றாள் அம்மா, தையல் மெஷினை மிதித்தபடியே.

மகள் தோளிலிருந்த புத்தகப் பையை இறக்கவில்லை. "நேத்தும் இதையேதாம்மா சொன்னே."

"நேத்து வேற சட்டை."

அது பொய்யில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சீருடை இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள் என்று தெருவுக்கே தெரியும். தெரிந்தும், விடுமுறை முழுக்கத் துணியைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் அம்மாவின் தலையில் கட்டுவார்கள். வெட்டுவதும் தைப்பதும் அம்மா. பட்டன் துளையைச் சுற்றிக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் மகள். அம்மாவுக்குக் கண் மங்கிப்போய், ஊசியின் காது தெரிவதில்லை. அப்பா போனபிறகு அந்த மெஷின்தான் இருவருக்கும் சோறு போட்டது.

எதிர்வீட்டுக்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அக்கா, என் புள்ளையோடது ஆச்சா? ஒரு நாள் பாடம் போனாலும் பின்தங்கிடுவான், பாவம்." பிறகு மகள் பக்கம் திரும்பி, "சீக்கிரம் முடிச்சுடும்மா. உனக்குத் தங்கமான கை," என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. பெற்ற வயிறு, பிள்ளைக்காகத் தவித்தது. எதிரே பையை மாட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு பிள்ளைதான் என்பது மட்டும் அவள் கண்ணில் படவில்லை. யார் கண்ணில்தான் பட்டது? தெருவில் எல்லோருக்கும் பிள்ளைப் படிப்பு என்றால் உயிர். அவரவர் பிள்ளையின் படிப்பு.

மகள் பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவளுடைய வகுப்பு டீச்சரே வந்துவிட்டார். அம்மா பதறி எழுந்து, மடியில் கிடந்த துணித் துண்டுகளை உதறி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இவ ஒரு நாள்கூட வரலை. நாளைக்கும் வரலைன்னா பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க," என்றார் டீச்சர். "நல்லாப் படிக்கிற பொண்ணு. பெத்தவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அம்மா தலை குனிந்தாள். "தப்புதாங்க. நாளைக்குக் கட்டாயம் அனுப்பிடறேன்."

மகளுக்கு மூச்சு வந்தது. யாரோ ஒருத்தர் தனக்காகப் படியேறி வந்து கேட்கிறார். ஆணியில் தொங்கிய பையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்தார். வாசல்வரை போனவர், தயங்கித் திரும்பி, கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது என் பொண்ணோடது. அளவுச் சட்டையும் உள்ளேயே இருக்கு. அவ வேற ஸ்கூல், நாளை மறுநாள் திறக்குது. நாளைக்குச் சாயங்காலம் கிடைச்சா உதவியா இருக்கும். வேற எங்க கேட்டாலும் ஒரு வாரம் ஆகுங்கறாங்க."

அம்மா மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

மகள்தான் கேட்டாள். "நான் ஸ்கூலுக்கு வந்தா இது முடியாது, டீச்சர். நான் வரணுமா, இது வேணுமா?"

டீச்சர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"இந்த ஒரு தடவைதாம்மா," என்றார் கடைசியில். "பேரைப் பத்திக் கவலைப்படாதே. நாளைக்கு நீ வந்ததா ரிஜிஸ்டர்ல நானே போட்டுடறேன்."

பொட்டலத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினார்.

அம்மாவுக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. "பாத்தியா, எவ்வளவு நல்ல மனசு. பேரை எடுக்க விடமாட்டாங்க."

"ஆமாம்மா," என்றாள் மகள், ஊசியில் நூலைக் கோத்தபடி. "நாளைக்கு நான் ஸ்கூல்லதான் இருப்பேன். நீ காஜாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கோ."

சொல்லிவிட்டு, டீச்சருடைய மகளின் துணியை எடுத்து, அம்மா வெட்டுவதற்கு வாகாகத் தரையில் விரித்தாள்.