ஊசிக்கரிசல் ஜீப்பின் டைமிங்

ஊசிக்கரிசலில் எது எப்போது நடக்க வேண்டும் என்பதைப் பஞ்சாயத்து ஜீப்தான் முடிவு செய்யும். ஜீப் எங்கேயும் போவதில்லை. அலுவலகத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நின்றபடியே ஓடிக்கொண்டிருக்கும். அதன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், ஒரு டிகிரி முந்திப்போனால், பகடி சொல்வதற்கு முன்பே ஊர் சிரித்துவிடும். ஒரு டிகிரி பிந்திப்போனால், திங்கள்கிழமை வாங்கிய அறை செவ்வாய்க்கிழமைதான் வலிக்கும்.

பதினாறு வருடமாக அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம் மெக்கானிக் செல்லக்கனி. வெள்ளிக்கிழமைதோறும் முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, உள்ளே காற்று இறுகுகிறதா என்று பார்ப்பாள். பொறியைத் தட்டிவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்ட்டுக்கு நடுவே ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி, டிக்கெட் தானாக வழுக்கி வரும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை முடுக்குவாள். பக்கத்து ஊர்களில் டைமிங் லைட் வைத்துப் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். அங்கெல்லாம் தேங்காய் உடைத்த பிறகும் கொஞ்ச நேரம் முழுசாகவே கிடக்கிறது.

மகள் மாரிச்செல்வியின் கல்யாணமும் ஒரு வெள்ளிக்கிழமையில்தான் அமைந்தது. பந்தக்கால் நட்டுவிட்டால் பெண்ணைப் பெற்றவள் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே அன்று காலை வேலை தாய்மாமனுக்குப் போனது. தாய்மாமன் பொன்ராசு, செல்லக்கனியின் தம்பி. இது என்ன பெரிய மலையைப் புரட்டுகிற வேலையா என்று பதினாறு வருடமாகக் கேட்டு வருபவன். எஞ்சின் முன்னால் சுற்றும் புல்லியில் கீறியிருக்கும் டைமிங் கோட்டைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்தான். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி முடுக்கினான். கட்டைவிரலை மட்டும் வைக்கவில்லை.

அந்தக் கோடு இரண்டு தடவை வரும். ஒரு தடவை காற்று இறுகும்போது, இன்னொரு தடவை புகை வெளியேறும்போது. அவன் பிடித்தது புகையை. வேறு ஊர் எஞ்சினாக இருந்தால் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. இது மரியாதை தெரிந்த எஞ்சின். தும்மிக்கொண்டே ஓடியது.

மண்டபத்தில் முதலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். வாங்கியவர்கள் "போயிட்டு வாறோம்" என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பந்தியில் மோரில் தொடங்கி, உப்பில் முடித்து, நல்ல பசியோடு எழுந்து போனார்கள். மாரிச்செல்வி கழுத்தில் தாலியோடு மணமேடைக்கு வந்தாள். மூன்று முடிச்சும் கச்சிதமாக இருந்தன. ஒன்பதரைக்கு மாப்பிள்ளை அவற்றை அவிழ்ப்பார். அதோடு இரண்டு வீட்டாரும் முன்பின் தெரியாதவர்களாக அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள்.

கொட்டகைப் பக்கமிருந்து தும்மல் கேட்டது. செல்லக்கனி தம்பியைத் தேடிப் பிடித்தாள்.

"எலேய், வெரல வச்சுப் பாத்தியா?"

"கோட்ட சரியா வச்சேன்க்கா."

"வெரல வச்சியாலே?"

பொன்ராசு தன் கட்டைவிரலைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

ஸ்பேனரைத் தொடலாமா என்று செல்லக்கனி யோசித்தாள். தொடலாம். நாள் பின்னோக்கி ஓடுவதால் பந்தக்கால் இன்னும் நடப்படவில்லை. கல்யாணம் கழிந்துதான் நடுவார்கள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

போய்ச் சேர்வதற்குள் முதல் முடிச்சு அவிழ்ந்ததற்கான மேளம் ஒலிபெருக்கியில் கேட்டது. எஞ்சினை அணைத்தாள். அவளைத் தவிர ஊரே நின்றது. மேளம் பாதி அடியில் நின்றது. மண்டபத்தில் மாப்பிள்ளையின் விரல் இரண்டாவது முடிச்சில் நின்றது.

பிளக்கைக் கழற்றி, கட்டைவிரலை வைத்து, மறுகையால் ஃபேன் பெல்ட்டை இழுத்து எஞ்சினைச் சுற்றினாள். காற்று விரலை எட்டித் தள்ளியது. அந்த இடத்தில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, உள்ளே சுற்றும் ரோட்டரை அரைவட்டம் திருப்பி இறக்கினாள். இனி டிக்கெட் வேண்டும். சுருக்குப்பையில் ஒன்றே ஒன்று இருந்தது. மாரிச்செல்வி முதன்முதலாகக் காலேஜுக்குப் போன நாளின் டிக்கெட்.

அதைச் செருகும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒரு டிகிரி பிந்த வைத்தால், மகள் காரில் ஏறும்போது தனக்கு வர வேண்டிய அழுகை நாளைக்குத்தான் வரும். சம்பந்தி வீட்டார் முன்னால் அழுதுவிடக்கூடாது என்று ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு டிகிரி போதும். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியும்.

டிக்கெட் தானாக வழுக்கி வந்த இடத்திலேயே முடுக்கினாள்.

எஞ்சின் தும்மலை விட்டது. மாப்பிள்ளை அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டார். வந்தவர்கள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உப்பிலிருந்து முறையாகச் சாப்பிட்டார்கள். பந்தக்கால் மூன்று நாளைக்கு முன்பே நடப்பட்டதாகிவிட்டது. ஆகவே செல்லக்கனி ஸ்பேனரைத் தொட்டிருக்கவில்லை. விரலில் கிரீஸ் மட்டும் இருந்தது.

"சம்பந்தியம்மா, ஒங்க ஊர்ல எல்லாம் டாண்ணு நடக்குதே!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பின்ன?" என்றாள் செல்லக்கனி.

மாலையில் மாரிச்செல்வி காரில் ஏறினாள். கதவு சாத்திய அந்த நொடியில், முந்தாமல் பிந்தாமல், செல்லக்கனிக்குக் கண்ணீர் வந்தது. அவள் முகத்தை மறைக்கவில்லை. தலையை நிமிர்த்தியே அழுதாள். முதல் சொட்டு விழுந்ததும், சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள்.