அச்சுப் பகுதியின் தனிக்குடித்தனம்

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அதை மடியிலேயே வெச்சுக்கிட்டு இருக்கறது? தனிக்குடித்தனம் அனுப்பிடலாம்."

"என்னடி இப்படிச் சொல்லிட்டே! ஆரம்பத்திலேர்ந்து நம்ம கூடவே இருக்கு."

"இருந்தா? எல்லாருக்கும் பாரம். நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க, நான்தான் கெட்டவளாகணும்."

காலையில் கணவனோடு பேசிய பேச்சு அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பேசியது அச்சுப் பகுதியைப் பற்றி. இருவரும் சேர்ந்து எழுதிய, மற்ற மென்பொருள்களுக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க்கில், பில் அச்சிடும் அந்தப் பகுதி மையத்திலேயே குந்தியிருந்தது. பில் அச்சிடத் தேவையில்லாத பயனர்களும் அதைச் சுமந்தார்கள். அதில் ஒரு வரியை மாற்றினால் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏதாவது உடைந்தது. இப்படி ஒன்றைப் பிரித்து, வேண்டியவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் பிளகின் ஆக்குவதற்கு இருவரும் வைத்திருந்த செல்லப் பெயர்தான் தனிக்குடித்தனம்.

பேசி முடித்துத் திரும்பினால், கதவருகே மடித்த துணிகளோடு அத்தை. கணவனின் அம்மா. துணிகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. நிரல் சரியா என்று சோதனையை ஓட்டினாள், திரையில் தோல்வியின் சிவப்பு. பகுதியை எடுத்த பிறகும் மையம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் ஏதோ இழுபடும் சத்தம். போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"உங்க அம்மா பெட்டியை இறக்கறாங்க!"

"தூசி தட்டுவாங்க," என்றான் கணவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க தலை! காலையில நான் சொன்னதைத் தன்னைத்தான்னு நினைச்சுட்டாங்க."

"கெட்டவளாகணும்னு கேட்டியே, வரம் கிடைச்சுடுச்சு."

அவனை முறைத்துவிட்டு விசைப்பலகையைத் தட்டினாள். பெயரை நீக்கி, யார் வந்தாலும் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கியை மட்டும் மையத்தில் விட்டாள். சோதனை இப்போது பச்சை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் பாதிப் புடவைகள்.

"அத்தை, நான் சொன்னது உங்களை இல்ல. எங்க சாஃப்ட்வேர்ல ஒரு பகுதி. எல்லாத்தையும் நடுவுல அடைச்சு வெச்சா நடுவுக்கும் மூச்சு முட்டும், அதுவும் தன் இஷ்டத்துக்கு வளர முடியாது. அதான் வெளியே..."

"என்னைச் சொல்லலியா?"

"சத்தியமா இல்ல!"

அத்தையின் முகம் மலரும் என்று பார்த்தாள். அது வாடியது.

"வெளியே போனது, கூப்பிட்டா வருமா?"

"உடனே வரும் அத்தை."

"கோபிச்சுக்கிட்டுப் போனதா யாரும் நினைக்க மாட்டாங்களே?"

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அத்தையின் விரல்கள் பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன.

"உங்க மாமா போனதிலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன், வாய் வரலை. பக்கத்துத் தெருவுன்னாலும் சரி, ஒத்தை ரூம்னாலும் சரி. எனக்குத் தனியா ஒரு வீடு பார்த்துக் குடும்மா."