எஞ்சினில் ஈர வாடை

ஆய்க்குடிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை; எங்கள் காரை ஓட்டிப்போகிறவள் நான்தான். குற்றாலச் சாரல் தொடங்கி ஒரு வாரமாக, குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து ஆய்க்குடி போய்ச் சேர்வதற்குள் எஞ்சினிலிருந்து ஒரு வாடை. ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்தால் வருமே, அது.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே. ஒன் மூக்குலதான் கோளாறுட்டி யோகு" என்றார் என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன். மூன்று வீடு தள்ளிக் கருவாடு பொரித்தாலும் சொல்லிவிடுகிற மனுசன்!

இந்தச் சாரலே எனக்கு ஆகவில்லை. போன வருசம் ஆடியில் குற்றாலத்தில் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்தவருக்கு நிமோனியா. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தார். இன்னொரு தடவை வந்தால் நுரையீரல் தாங்காது, அருவித் தண்ணீர் தலையில் விழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் குளிக்காத சீசன் எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் அருவிப் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் காரை மெக்கானிக் இசக்கிமணியிடம் விட்டேன். எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பெல்ட்டைத் தடவினார், ஆயிலைப் பார்த்தார், அடியில் குனிந்தார். பிறகு சூட்டுக் குழாயிலிருந்து எதையோ சுரண்டி எடுத்து நீட்டினார்.

"வண்டில ஒரு குத்தமும் இல்ல மைனி. யாரோ எஞ்சின் மேல துணி காயப் போட்டிருக்காவ. நூல் பொசுங்கி ஒட்டியிருக்கு பாருங்க. என்னைக்காவது தீப்பிடிச்சிரும்."

பாதி கருகிய பச்சை நூல். அவருடைய ஈரிழைத் துண்டின் கரை. குற்றாலத்துக்கு அவர் எடுத்துப்போகிற துண்டு.

தினமும் காலையில் பால் வாங்கக் காரில்தான் போவார். பால் கடை தெரு முனையில். அன்றைக்கு ராத்திரி வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறித்து வைத்தேன். காலையில் அவர் திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்துப் பார்த்தேன். பதினாலு கிலோமீட்டர்! பானட்டைத் தூக்கினால், எஞ்சின் மேல் துண்டு ஆவி பறக்கக் கிடக்கிறது.

"எங்கன போய் பால் வாங்குனீய, குற்றாலத்துலயா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கீயளோ? என்னைய மூளியாக்கிப் பாக்கணும்னு முடிவு கட்டிட்டீயளா?"

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பேசிக்கொண்டே அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தேன். பொட்டு ஈரம் இல்லை.

"குளிக்கலட்டி" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒன் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கம்லா. கொடைய பிடிச்சுக்கிட்டுத் தள்ளி நிப்பேன். குளிக்கப் போற எவன்ட்டயாவது துண்டக் குடுத்து நனைச்சுட்டு வரச் சொல்லுவேன். அத மூஞ்சில ஒத்திக்கிட்டு வந்துருவேன். அம்புட்டுதான்."

"அத எதுக்கு எஞ்சின்ல வச்சீய?"

"இந்தச் சாரல்ல எங்கன காயும்? கொடியில போட்டா நீ பாத்துருவ."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, குளிக்கலன்னு நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. அழுகை வந்துவிட்டது. பால் பாக்கெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், காப்பி போட்டு, கொஞ்சம் கூடுதலாகவே சீனி போட்டுக் கொடுத்தேன். பிறகு, "கெளம்புங்க" என்றேன்.

ஐந்தருவியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவரைக் குடையோடு ஓரமாக நிறுத்திவிட்டு, பெண்கள் பக்கம் வரிசையில் நின்றேன். ஒரு வருசத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீர் தோளில் அடித்தபோது, இதை விட்டுவிட்டு இந்த மனுசன் எப்படித்தான் இருக்கிறாரோ என்று தோன்றியது.

சொட்டச் சொட்ட ஓடி வந்து, ஊர் பார்க்க அவர் கன்னங்களில் என் இரண்டு கைகளையும் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா விழுதாட்டி?"

"நல்லா விழுது."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "ஒன் கை சூடாயிட்டு. இன்னொரு தடவ போய்ட்டு வா" என்றார்.

மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.