இரண்டு விண்ணப்பங்கள்

பெட்டிக்குள் அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. இருதயம்மாள் துண்டை மடித்துக் கன்னத்துக்கு அண்டை கொடுத்து நேராக்கினாள். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் கட்டிய படுதாவுக்குக் கீழே ஆண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏலப்பாறையிலிருந்து பாதிரியார் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அப்பா சூசையப்பன் இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எழுபத்து மூன்றில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து இந்த மலைத் தோட்டத்துக்கு வந்தவர். அதனால் அவர் சாவில் பேச்சு தானாகவே அந்த நாட்டுச் சண்டைக்குப் போயிருந்தது. சண்டை எதனால் வந்தது என்பதுதான் வழக்கு. பழைய யூனியன்காரர் பாண்டித்துரை, நாற்பத்தெட்டில் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்ததே முதல் காரணம் என்றார். இருதயம்மாளின் மகன் ஜின்சன், ஐம்பத்தாறில் வந்த சிங்கள மொழிச் சட்டம்தான் என்று போனில் எதையோ தேடிக் காட்டினான். எண்பத்து மூன்றில் கொழும்பை எரிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் இன்னொருவர். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“தாத்தா என்னம்மா சொல்லுவாரு?” ஜின்சன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

அது உண்மை. டிவியில் அந்தச் செய்தி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருடைய தம்பி ஏசுரத்தினம் எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வன்னிக்குப் போனவர். இரண்டாயிரத்து ஒன்பதில் அங்கே ஷெல் விழுந்து செத்துப்போனார். தகவல் வந்து எட்டு நாள் அப்பா யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு, மழைக் காற்றில் கதவு ஆடினால் போதும், “யாரு, ரத்தினமா?” என்பார். காலையிலிருந்து கதவு அசையும்போதெல்லாம் இருதயம்மாளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாளைக்கு முன்பு ஆஸ்பத்திரியில் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

“ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல, இந்தியாவுக்குப் போறதுக்கு ஒரு விண்ணப்பம், அங்கேயே இருக்கிறதுக்கு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் நாந்தான் எழுதுனேன். தம்பிக்கு எழுத்துத் தெரியாது. ரெண்டும் இந்தியாவுக்குத்தான்டான்னு சொன்னேன். அங்கேயே இருக்கிற தாள்ல கைநாட்டு வச்சான்.”

அவள் மற்றக் கையால் போர்வையை இழுத்துவிட்டாள்.

“அம்மா கப்பலேற மாட்டேன்னுட்டா. அவளோட யாராச்சும் இருக்கணும்ல.”

தம்பியிடம் அதை எப்போதாவது சொன்னாரா என்று பிறகு கேட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஏசுரத்தினத்தின் மகள் நிரோஷா கிளிநொச்சியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். ஜின்சன் போனைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான். வெளியே பேச்சு நின்றது. பாண்டித்துரை படியேறி வந்து நிலையருகே நின்றார்.

“அக்கா, பெரியப்பாட முகத்த ஒருக்கா காட்டுங்க.”

இருதயம்மாள் காட்டினாள். நிரோஷா பெரியப்பாவை நேரில் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா கடைசி வரைக்கும் பெரியப்பாவப் பத்தித்தான் கதைப்பார். அண்ணன் எங்க ரெண்டு பேருக்கும் இந்தியாவுக்கெண்டு ஒண்டாத்தான் எழுதினவர், ஆபீஸ்காரன்தான் மாத்திப் போட்டுட்டான் எண்டு சொல்லுவார்.”

பாண்டித்துரை ஆமோதித்துத் தலையாட்டினார். குடியுரிமை பற்றி அவர் சொன்னதற்கு அது பொருத்தமாகவே இருந்தது.

“பெரியப்பா ஏதும் சொன்னவரா அக்கா?”

இருதயம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூச்சு விடவே கஷ்டப்பட்டாருமா. பேச முடியல.”

நிரோஷா தன் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். “அவர்ட கைய ஒருக்கா காட்டுங்க அக்கா. பிள்ளையளும் பாக்கட்டும். பெரியப்பாட எழுத்து அச்சு மாதிரி இருக்கும் எண்டு அப்பா சொல்லுவார்.”

கைகள் நெஞ்சின்மேல் இருந்தன. கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இருதயம்மாள் போனை இறக்கிப் பிடித்தாள். திரைக்குள் இரண்டு சின்னத் தலைகள் நுழைந்தன. இளையவள் முத்தம் கொடுக்க வாயைக் கொண்டுவந்தபோது படம் முழுக்க இருண்டு, மறுபடி தெளிந்தது. இருதயம்மாள் போனை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.