விசாரணையில் கிடைத்த அக்கா

தங்கசாமிக்கு நாற்பத்தைந்தாவது வயதில் அவசரமாக ஒரு ரத்த உறவு தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கிடைத்தால் போதும். ஆணா பெண்ணா என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மைதீன் பாட்சாவின் டீக்கடையில் அவர் டீ மாஸ்டர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் இந்தியாவின் பங்குக்கு வந்தவர். இலங்கையில் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடிகளின் தலையைச் சீவிக்கொண்டிருந்தவரை, தாயில்லாத மகளோடு கப்பலில் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டார்கள். அது எழுபத்திரண்டில். தேயிலையோடு பழகியவன் டீ நன்றாகப் போடுவான் என்று நம்பி பாட்சா வேலை கொடுத்தார். முதல் ஆறு மாதம் சங்கரன்கோவில் ஜனங்கள் அந்த நம்பிக்கையைக் குடித்தார்கள்.

இலங்கையில் அவருக்கு இந்தியாக்காரன் என்று பெயர். இங்கே சிலோன்காரன் என்று பெயர். தங்கசாமி என்ற பெயரை ரேஷன் கார்டு மட்டும் உபயோகித்து வந்தது.

மகள் செல்வமணி பிளஸ் டூ முடித்துத் திருநெல்வேலியில் நர்ஸ் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். சாதிச் சான்றிதழை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் காட்டினால் இடம் அவளுக்கு; காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு. இது போனால் என்ன என்பது தங்கசாமிக்கு நன்றாகத் தெரியும். அதே கப்பலில் வந்த மைத்துனர் குடும்பம் கொடைக்கானல் மலைக்கு மரப்பட்டை உரிக்கப் போய் மூன்று வருஷமாகக் கீழே இறங்கவில்லை. கான்டிராக்டர் இறங்க விடவில்லை. அந்தக் கான்டிராக்டரின் ஆள் போன மாதம் டீக்கடைக்கே வந்து, செல்வமணியைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கும் அங்கன வேலை உண்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஆகவே திங்கட்கிழமை காலையில் தங்கசாமி வருவாய் ஆய்வாளர் சௌந்தரபாண்டியன் முன்னால் நின்றார்.

"இன்ன சாதின்னு நீரே சொன்னா ஆச்சா? நான் கூடத்தான் கலெக்டர்னு சொல்லுவேன்" என்றார் ஆர்.ஐ. "உம்ம ஃபேமிலி கார்டுல சொந்த ஊரு இளையரசனேந்தல்னு போட்டிருக்கே. அங்கன போயி, உம்மைத் தெரிஞ்ச ஒரு ரத்த உறவைக் கூட்டிட்டு வாரும். மீதியை நான் பாத்துக்கிடுதேன்."

"அங்க எனக்கு யாரையும் தெரியாதுங்க ஐயா."

"சொந்த ஊருங்கீரு, யாரையும் தெரியாதுங்கீரு."

"அது கங்காணி ஊருங்க ஐயா."

இதை அவர் பத்து வருஷமாகப் பல ஆபீசுகளில் விளக்கிக் களைத்துப்போயிருந்தார். தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனவர் கங்காணி. அவருடைய ஆட்களுக்கெல்லாம் தோட்டத்துப் பேரேட்டில் அவருடைய ஊர்தான் ஊர். ஒவ்வொருவனிடமும் கேட்டு எழுத வெள்ளைக்காரத் தொரைக்கு நேரமில்லை. கேட்டாலும் அவருக்கு எழுத வராது. பிறகு கண்டியில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டபோது, பூர்வீகம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டியிருந்தது. எல்லாரும் பேரேட்டைப் பார்த்து எழுதினார்கள். நாற்பது குடும்பம், ஏழெட்டு ஊர்க்காரர்கள், ஒரே பூர்வீகம். தங்கசாமியின் அப்பா சிறு வயதில் கங்காணி பின்னால் போனவர். மகனுக்கு ஐந்து வயதானபோது செத்துப்போனார். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் எந்த அப்பன் சொல்லிக்கொண்டிருக்கிறான்?

இருந்தாலும் அன்றே இளையரசனேந்தலுக்கு பஸ் ஏறினார். கங்காணியின் பேரன் நல்ல மனுஷர். மோர் கொடுத்தார்.

"நீரு முப்பத்தோராவது ஆளு" என்றார். "கார்டைத் தூக்கிட்டு மாசத்துக்கு ஒருத்தர் வந்துருதாங்க. எங்க தாத்தா போற வழியில எல்லா ஊர்லயும் ஆளைப் பிடிச்சுப் போட்டுக்கிட்டே போனாரு. யாரு எந்த ஊருன்னு அவரைத்தான் கேக்கணும். அவரு செத்து நாப்பது வருசம் ஆச்சு."

செவ்வாய்க்கிழமை டீக்கடையில் பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது. மைதீன் பாட்சா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கடையநல்லூர்க்காரர். மூத்த மகன் துபாயில் இருந்தான்.

"எம் மவன் துபாய்ல இந்தியாக்காரன். நீரு சிலோன்ல இந்தியாக்காரன். இந்தியாவுல மட்டும் ஒரு இந்தியாக்காரனைக் கண்டுபிடிக்க முடியலையே வே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உமக்கு ஒரு உறவுதானே வேணும்? இங்கன ஒருத்தி தினமும் நாலு டீ குடிக்காளே, அவளுக்கும் உமக்கும் ஒரே சாதிதான்" என்றார்.

முப்பிடாதியம்மாள் கடை வாசலில் பூ விற்கிறவள். குருவிகுளத்துப் பக்கத்துக்காரி, ஐம்பது வயது, விதவை. அவள் பேசினால் ராஜபாளையம் பஸ்ஸின் ஹாரன் கேட்காது. பாட்சா விஷயத்தைச் சொன்னதும் அவள் பூத்தொடுப்பதை நிறுத்தினாள். அது மழைக்குக்கூட நிறுத்தாத வேலை.

"எங்க ஐயாவோட தம்பி ஒருத்தரு கொழும்புக்குப் போனவரு போனவருதான். ஒரு காயிதம் கெடையாது" என்றாள். "இவரு அவரு மவனா இருந்தாலும் இருக்கும். மூக்கு அப்படித்தான் இருக்கு."

தங்கசாமி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மூக்குக்கு ஒரு ஊர் இருக்கக்கூடும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

"ஆபீசர் கேட்டா என்ன முறை வச்சுச் சொல்லணும்?" என்றாள்.

"அக்கான்னு சொல்லிருங்க" என்றார் தங்கசாமி, ஒரு நொடியும் யோசிக்காமல்.

"யோசிச்சுச் சொல்லும் வே" என்றார் பாட்சா.

யோசிக்க என்ன இருக்கிறது என்று தங்கசாமிக்குப் புரியவில்லை. தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து அறையில் யாராவது தும்மினால் இந்த அறையில் 'நூறு வயசு' என்பார்கள். அங்கே வயதில் மூத்த பெண் யாராயிருந்தாலும் அக்கா. கூப்பிட ஒரு வார்த்தை வேண்டுமே என்பதற்காகக் கூப்பிடுவது. அதை வைத்துக்கொண்டு யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இங்கே அக்கா என்பது பட்டா என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முப்பிடாதியம்மாளுக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் சங்கரசுப்பு, வயது முப்பத்துநாலு, சைக்கிள் கடை. பெண் பார்த்த இடமெல்லாம் ஜாதகம் சரியில்லை என்றார்கள். ஜாதகம் இல்லாத வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

புதன்கிழமை விசாரணை. முப்பிடாதியம்மாள் பட்டுச்சேலையில் வந்தாள். சங்கரசுப்பு புதுச்சட்டை போட்டு, சட்டையின் மடிப்புக் கலையாமல் பின்னால் நின்றான். இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தங்கசாமி யோசிக்கவில்லை. செல்வமணி ஒரு தடவை அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஆர்.ஐ.யின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் ஆர்.ஐ.

"எங்க சித்தப்பா மவன். என் கூடப்பிறந்த தம்பி மாதிரி."

"மாதிரியா, தம்பியா?"

"தம்பி!" என்றாள் முப்பிடாதியம்மாள். வெளியே மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் தலைநிமிர்ந்தார்.

"கார்டுல இளையரசனேந்தல்னு இருக்கு. நீங்க குருவிகுளம்ங்கீங்க."

"அந்த ஊர்க் கங்காணி கூடத்தான் சார் எங்க சித்தப்பா போனாரு. போகாதீக, போகாதீகன்னு எங்க ஐயா பஸ் மறிச்சு அழுதாரு."

அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆனால் ஆர்.ஐ.க்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் செல்வமணி பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ சொல்லு. இந்த அம்மா உனக்கு என்ன முறை?"

செல்வமணி பத்து வருஷம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முறை என்றால் என்ன என்று அவளுக்கு அப்பாவைவிட நன்றாகத் தெரியும். பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் சான்றிதழ் உண்டு. சொன்னால் பின்னால் நிற்கிற சட்டையும் உண்டு.

"சொல்லு மகளே" என்றார் தங்கசாமி, கையைக் கூப்பாத குறையாக.

"அத்தை" என்றாள்.

முப்பிடாதியம்மாளின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததும்தான் பாட்சா எதை யோசிக்கச் சொன்னார் என்று தங்கசாமிக்குப் புரிந்தது. அக்கா என்றால் அக்கா மகன். அக்கா மகன் என்றால் முறைமாப்பிள்ளை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாசில்தார் கையெழுத்தும் கோபுர முத்திரையுமாகச் சான்றிதழ் வந்தது. வாங்கியதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தங்கசாமி பேனாவைப் பிடித்தார்.

"தம்பிக்குக் கை நடுங்குது பாருங்க" என்று முப்பிடாதியம்மாள் பரிவோடு சொல்லி, நோட்டில் தன் பெருவிரலை அழுத்தி, தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, அதக் குடுங்க. நாளைக்குத்தான் கடைசி நாளு."

"எங்கனயும் போயிராது. எம் மருமவ காயிதம் எங்கிட்ட இருக்கதுல என்ன குத்தம்? மொதல்ல ஒரு நல்ல நாளு பாத்துப் பூ வைப்போம்."

"அவ படிக்கணும்ங்க அக்கா!"

"நர்சுக்குப் படிச்சுட்டா எம் மவனை அவ கட்டுவாளா தம்பி? நீயே சொல்லு" என்றாள். அதில் பொய்யே இல்லை என்பதுதான் கொடுமை.

தங்கசாமி திரும்ப ஆபீசுக்குள் ஓடினார். ஆர்.ஐ. ஒரு வேலித் தகராறை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் பொய் சொல்லிட்டேங்க. அந்த அம்மா எனக்கு அக்கா இல்லீங்க. யாருன்னே தெரியாதுங்க. நான் இந்த ஊரே இல்லீங்க ஐயா."

சௌந்தரபாண்டியன் அவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு ஃபைலை எடுத்துப் படித்தார். "'நேரடி விசாரணையில் மனுதாரர் மேற்படி முப்பிடாதியம்மாளின் சித்தப்பா மகன் என்றும், குருவிகுளம் வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்றும் ஐயமறத் தெரிய வருகிறது.' இது அரசாங்கம் விசாரிச்சு எழுதினது வே. நீரு யாருன்னு உமக்கு என்ன தெரியும்?"

"பொய்ங்க ஐயா, எல்லாம் பொய்."

"பொய்னா உம்மை உள்ள தள்ளணும். சான்றிதழும் ரத்து. பிள்ளை இன்னும் நூறு வருசம் ஆனாலும் ஒரு தாளும் வாங்க முடியாது. எழுதிக்கிடட்டுமா?"

தங்கசாமி வேண்டாம் என்று அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"அப்ப ஒரு நகலாவது குடுங்க ஐயா."

"நகல் வேணும்னா தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வரணும். மூணு வாரம் ஆகும். தொலைஞ்சா போச்சு?"

"இல்லீங்க. அந்த அம்மா இடுப்புல இருக்குங்க."

"அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார் ஆர்.ஐ. "குடும்ப விசயம். அரசாங்கம் தலையிடாது."

முப்பிடாதியம்மாள் வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செல்வமணி அவருக்கு முன்பே வந்திருந்தாள். ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் தலையில் மல்லிகையை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரசுப்பு கோலி சோடா கொண்டுவந்து நீட்டினான்.

"குடிங்க மாமா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "படிச்ச பொண்ணு வேண்டாம்னு அம்மாட்ட சொன்னேன். கேக்கலை."

"காயிதத்தைக் கேட்டேன்ப்பா" என்றாள் செல்வமணி. அவள் குரலில் ஈரமே இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் நாலு பேரைக் கூட்டிப் பூ வச்சுட்டா, சனிக்கிழமை காலையில காயிதத்தைத் தாராகளாம்."

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமை."

தங்கசாமி தொரையிடம், கண்டி ஆபீசில், ராமேஸ்வரம் கரையில், தாலுகா ஆபீசில் கெஞ்சிய எல்லா வார்த்தைகளும் ஒன்றாகத் தீர்ந்துபோயின. சோடாவைக் கீழே வைத்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக முப்பிடாதியம்மாளின் காலில் விழுந்து, இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"குடுத்துருங்க" என்றார் தரையில் முகம் பதித்தபடி. "எம் புள்ளய விட்டுருங்க. குடுத்துருங்க."

முப்பிடாதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் போனபின் அவள் காலில் யாரும் விழுந்ததில்லை. "எந்திரி தம்பி, எந்திரி" என்று சொல்லி, மாடத்திலிருந்து திருநீற்றை அள்ளி அவர் நெற்றி நிறையப் பூசினாள். கொஞ்சம் கண்ணிலும் விழுந்தது. இடுப்பில் இருந்த தாள் இடுப்பிலேயே இருந்தது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் மகனின் விலாவில் இடித்தாள்.

"பாத்துக்கோலே" என்றாள். "கூடப்பிறந்தவன்னா இப்படி இருக்கணும்."