ஒரு கிழமை பிந்திய பானை

டென்மார்க்கிலுள்ள பிரெடெரிசியாத் தமிழருக்குச் சில வருஷம் தீபாவளி இரண்டு நாள் வரும். வாக்கியப் பஞ்சாங்கக்காரருக்கு ஒருநாள், திருக்கணிதக்காரருக்கு மறுநாள். அந்தச் சண்டையைக் கிளப்பி கோயில் சபையையே இரண்டாய்ப் பிளந்த பெருமை குலேந்திரனுடையது. அப்பேர்ப்பட்ட பஞ்சாங்கப் புலி, கிரேக்கத் திருவிழா காட்டப் பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போக எதில் நாள் பார்த்தார்? குசினிச் சுவரில் தொங்கிய டெனிஷ் கலண்டரில்!

கிரேக்கத்தில் கோர்ஃபு என்றொரு தீவு. உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள் அங்கே சனம் மாடி ஜன்னல்களிலிருந்து பெரிய மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைக்கும். அதை யூடியூப்பில் பார்த்த நாள் தொட்டு அவர் மனைவி கமலாதேவிக்கு வேறு நினைப்பில்லை. முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷமாய் ஊராருக்குக் காலுறை மாட்டிவிட்ட மனுஷி, தன்னோடு வேலைசெய்யும் மிரியத்துக்குத் தன் கிறிஸ்மஸ் லீவைக் கொடுத்து, ஈஸ்டர் கிழமை லீவை வாங்கினாள்.

"அன்ரி, கிரேக்கரின்ரை ஈஸ்டர் இந்த வருஷம் எங்கடைக்குப் பிறகு. அவையின்ரை கலண்டர் வேறை" என்றாள் பெந்தெகொஸ்தே சபைக்காரியான மிரியம்.

கமலாதேவி அதை வீட்டில் சொன்னாள். குலேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒரு யேசு எத்தினை தரமடி உயிர்க்கிறது? வேதக்காரப் பெட்டை எனக்கு நாள் படிப்பிக்கிறாளோ!"

நாள் நட்சத்திரம் தெரிந்த மனுசன் பிழைவிடாது என்று அவளும் நம்பித் தொலைத்தாள்.

கோர்ஃபுவில் சனிக்கிழமை காலை பதினெட்டுப் பேரும் அண்ணாந்து நின்றார்கள். இரண்டு மணித்தியாலம் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு ஜன்னல் திறந்தது. பதினெட்டுப் போனும் எழும்பின. ஒரு மனுஷி கம்பளத்தை உதறிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

"பானை அடுத்த சனிக்கிழமை" என்றான் பக்கத்துக் கடைக்காரன். குலேந்திரன் வெட்கப்பட்டாரா? அவனிடமே ஒரு பானை வாங்கி, ஏந்தியபடி படம் எடுத்து, 'கிரேக்கத் திருவிழாவில் நாம்' என்று ஃபேஸ்புக்கில் போட்டார். கமலாதேவிக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீடு வந்ததும் பானை ஷோகேசில் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை காலை. இரவு வேலை முடித்து வந்தவள், தேத்தண்ணியும் கையுமாய்ப் போனில் கோர்ஃபு நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பானைகள் மழையாய் விழுந்தன. இங்கே குலேந்திரன் ஓல்போர்க்கிலுள்ள சிநேகிதருக்குப் போனில் அளந்துகொண்டிருந்தார்.

"என்ன சத்தம் அண்ணை! காது அடைச்சுப்போச்சு. வாற வருஷம் நீங்களும் வாங்கோ."

கமலாதேவி எழும்பினாள். ஷோகேசிலிருந்த பானையை எடுத்தாள். பல்கனிக்குப் போய், கீழே ஆள் நடமாட்டம் இல்லையென்று வடிவாய்ப் பார்த்தாள். கையை விட்டாள். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த பானை முற்றமெல்லாம் சிதறியது.

"ஐயோ! பானை உடைக்கிறது செத்தவீட்டிலையடி!" என்று அலறினார் குலேந்திரன்.

"ஓம், தெரியும். போனை வையாதேங்கோ" என்றாள் கமலாதேவி. "இப்ப அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, சத்தம் எப்பிடியிருந்ததெண்டு."