தவக்காலத்துப் பல்

நூம்பல் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, பாட்டு மேலே ஏறவேண்டிய இடத்தில் அருள்தாஸின் டிரம்பெட் ஏறவில்லை. புஸ்ஸென்று காற்று மட்டும் போயிற்று. பக்கத்தில் இரண்டாம் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த இக்னேஷியஸ் சட்டென்று பாட்டை எடுத்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டான். அழுதுகொண்டிருந்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அருள்தாஸுக்குத்தான் காது எரிந்தது. கரையான்சாவடி பேண்டில் பதினெட்டு வருஷம். கொட்டுகிற மழையில் ஊதியிருக்கிறார், மூன்று நாள் காய்ச்சலோடு ஊதியிருக்கிறார். ஒரு சாவையும் இப்படிப் பாதியில் விட்டதில்லை.

காரணம் கீழ்த்தாடையின் வலது கோடியில் இருந்தது. ஞானப்பல் என்று பேர். நாற்பத்தொரு வயதில் முளைத்து என்ன ஞானத்தைக் கொடுத்ததோ, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டு, ஆறு மாதமாக, மாதம் ஒருமுறை கன்னத்தை வீங்க வைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். கடிக்கிற பல்லே வலித்தால் எதைக் கடிப்பது?

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் கிடையாது, பேண்டுக்கும் சாவைத் தவிர வேலை கிடையாது. பல்லைப் பிடுங்க அதைவிட நல்ல காலம் ஏது என்று மனைவி தெரசா, தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்றே சொன்னாள். அருள்தாஸ் மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் ஒருவர் கறியை விட்டார், ஒருவர் பீடியை விட்டார். இவர் தன் பல்வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாராம். எடுத்துவிட்டால் கொடுத்ததைத் திருப்பி வாங்கினதாகிவிடுமாம். ஆண்டவர் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார், சீழ் பிடித்த பல்லை யாரிடமும் கேட்டதில்லை என்று தெரசா முணுமுணுத்துக்கொண்டே கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துத் தருவாள்.

உண்மையில் அது பக்தி இல்லை, பயம். பூந்தமல்லிப் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். வேரை ஒட்டினாற்போல ஒரு நரம்பு ஓடுகிறது. எடுக்கும்போது அது நசுங்கினால் கீழுதடு மரத்துப்போகலாம், நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான், அதிலும் பலருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது என்றார். பயப்படாதீர்கள், வெளியே பார்த்தால் தெரியாது, பேசலாம், சாப்பிடலாம் என்றும் சொன்னார். ஊதலாமா என்று அருள்தாஸ் கேட்கவில்லை. டிரம்பெட் ஊதுவது வாயல்ல, உதடு. இதே பேண்டில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி முன்பல் விழுந்தபிறகு ஜால்ராவுக்குப் போனார். இப்போது ஊர்வலத்தின் கடைசி வரிசையில் எங்கோ பார்த்துக்கொண்டு தட்டிக்கொண்டு வருகிறார்.

கல்லறையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து, பாட்டு பாதியில் நின்றதைச் சொல்லி, நரம்பு விஷயத்தையும் தெரசாவிடம் அன்றுதான் சொன்னார். பல் இருந்தால் வலியோடாவது ஊதலாம், போனால் உதடும் போய்விட்டால் என்ன செய்வது என்றார். அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

“வலியோட ஊதறேன், ஊதறேன்னு நீதான்யா சொல்லிகினு கீற. இன்னிக்கி அந்தப் பொணத்துக்கு ஊதுனது இக்னேஷியஸு.”

அது வலித்தது. பல்லைவிட அதிகமாகவே வலித்தது. ஆனால் பொய் இல்லை. நூற்றில் ஒருவனாக ஆகிவிடக்கூடாதே என்று பயந்து, நூற்றுக்கு நூறு ஒழுங்காக ஊத முடியாதவனாகத்தான் இந்த ஆறு மாதமும் இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“காலைல போலாமே. நீயும் வா.”

மறுநாள் நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மா, தீர்மானமாகத்தானே வந்திருக்கிறீர்கள் என்று மறுபடியும் கேட்டார். அருள்தாஸ் தன் தொழிலைச் சொன்னார். அந்த அம்மாள் கையுறை மாட்டுவதை நிறுத்தினார். அப்படியானால் இன்னும் ஒரு வாரம் யோசித்துக்கொண்டு வாருங்களேன் என்றார். ஆறு மாசம் யோசிச்சாச்சு, எடுத்துடுங்க என்று அருள்தாஸ் வாயைத் திறந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பல் நான்கு துண்டாக வந்தது. ஊசியின் மரப்பு பொழுது சாய்வதற்குள் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பொழுது சாய்ந்து, விடிந்தும் விட்டது. கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. அந்தப் பழைய வலியைக் காணோம். இக்னேஷியஸ் வந்து எட்டிப் பார்த்தபோது, குருத்தோலை ஞாயிற்றுக்கு நீ எடுத்து ஊது, ஈஸ்டருக்கு நான் வந்துடுவேன் என்று வாய் கோணச் சொல்லி அனுப்பினார். அவன் தலை மறைந்ததும் வாசல் வெயிலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தெரசா எதிரில் வந்து நின்றாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒற்றை விரலால் மேலுதட்டைத் தொட்டாள். தெரிகிறது என்றார். கீழுதட்டின் இடது பக்கம். அதுவும் தெரிந்தது. வலது பக்கம்தான் பாக்கி. நீண்ட நேரம் ஒன்றும் தெரியவில்லை.

“வெச்சிட்டியா?”

அவள் விரலின் பூண்டு வாசனை மட்டும் மூக்குக்கு வெகு அருகில் நின்றது.

“இன்னும் கொஞ்சம் அழுத்து,” என்றார் அருள்தாஸ். கண்ணைத் திறக்காமல், ஊதப் போகிறவரைப் போல உதட்டைக் குவித்தார்.